இரண்டு தொப்பி, ஒரு லாரி

தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களை எங்காவது படத்தில் பார்த்தால் எனக்கு இடது இடுப்பெலும்பு வலிக்கிறது. அந்த விளக்குக்கான பேட்டரிப் பெட்டி அங்கேதான் இடித்துக்கொண்டே இருந்தது. ஓர் ஐப்பசியில் பதினோரு நாள் நான் அதை மாட்டியிருந்தேன். பதினோரு நாளும் எரிச்சல்தான். விளக்கின் மேல் பாதி, என் மேல் பாதி.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. தாண்டிக்குடிக்குக் கீழே மலைரோட்டில் ஒரு வளைவை அடுத்து, மழையில் ரோட்டின் பாதி சரிந்துபோயிருந்தது. மலையை ஒட்டிய உள்பாதி மட்டும் கெட்டியாக இருந்தது. அதில் ஒரு வண்டி போகலாம். பள்ளத்துப் பக்கப் பாதி முழுவதும் விழுந்துவிடவில்லை. மேலே பார்த்தால் ரோடு மாதிரியே இருக்கும், அடியில் மண் இருக்காது. ஆபத்து அதில்தான் இருந்தது. கீழேயிருந்து தாங்குசுவர் கட்டி எழுப்பும் வேலையைப் பழனிக்காரர் ஒருவர் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். அதில் நான் கல் தூக்கும் ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கல் தூக்க வாய் வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய கல்லைச் சங்கிலியில் கட்டி, சங்கிலியைக் கம்பில் கோத்து, இரண்டு பேர் தோளில் தூக்குவோம். ஜோடி ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒருவன் குட்டையாக இருந்தால் பாரம் அவன் பக்கம் இறங்கிவிடும். எங்கள் மேஸ்திரி பாலசமுத்திரத்துக்காரர், இதில் மகா கண்டிப்பு. ஆள் சேர்க்கும்போதே முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்துத்தான் ஜோடி போடுவார். எனக்கு வாய்த்த ஜோடி பள்ளங்கிக்காரர் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உறவு ஒன்றும் இல்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தலைப்பாகையை அவர் அவிழ்த்துவிட்டால், எங்கள் இருவர் தலையிலும் ஒரு பலகையைப் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். இம்மி பிசகாது. அந்த ஒரே உயரம்தான் பின்னால் வினையாக வந்தது.

ஐப்பசி கார்த்திகையில் அங்கே மத்தியானம் இரண்டு மணிக்கே மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிடும். பக்கத்தில் ஜல்லி உடைக்கிறவரின் சுத்தியல் சத்தம் கேட்கும், சுத்தியலும் தெரியாது, ஆளும் தெரியாது. சரிந்த பாதி தொடங்குகிற ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக வைத்து, மரக்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தோம். வெள்ளை மஞ்சுக்குள் வெள்ளைக் கல்லை யார் கண்டார்கள்? அதனால் மேலே வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு ஆள் வளைவுக்கு ஓடிப்போய், காலித் தார் டின்னைக் கடப்பாரையால் அடிப்பார். டிரைவர் நின்றுவிடுவார். பிறகு இரண்டே இரண்டு தட்டு தட்டினால், உள்பக்கம் ஒட்டி மெதுவாக வரலாம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஓட்டுகிற டிரைவர்கள் ஐந்தாறு பேர்தான். எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. ஒரு குறையும் இல்லை.

காண்ட்ராக்டருக்குத்தான் குறை. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் டின் சத்தம் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா இது, எழவு வீடு மாதிரி. எஸ்டேட்டுக்காரங்க போற ரோடு. நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“சத்தம் கேட்டு நிக்கிறாங்கங்க,” என்றார் மேஸ்திரி.

“எந்தக் காலத்துல இருக்கீரு? நான் ஒண்ணு கொண்டாறேன் பாரும்.”

அடுத்த வாரம் ஒரு சாக்கு வந்தது. ஏதோ சுரங்கத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தாராம். உள்ளே இரண்டு அலுமினியத் தொப்பிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு விளக்கு. விளக்கிலிருந்து வயர் பின்மண்டை வழியாக இறங்கி, இடுப்பில் வாரில் கோத்த தகரப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் பேட்டரிக் கட்டைகள்.

உள்பாதி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கயிறு. இந்தத் தொப்பியைப் போட்ட இரண்டு பேர் அதன் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டியை நிறுத்தக் கயிற்றை உயர்த்த வேண்டும், விடுவதற்குத் தரையில் போட வேண்டும். காண்ட்ராக்டர் சொன்னது அவ்வளவுதான். கயிறு கோணாமல் மட்டமாக நிற்க வேண்டும் என்பது மேஸ்திரி தானாகச் சேர்த்துக்கொண்டது. யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொப்பியை மாட்டுவதே தனிச் சோலி. மாமா தலைப்பாகையை அவிழ்க்க மாட்டேன் என்றார். அவிழ்க்காவிட்டால் தொப்பி மேலே ஏறி, கயிறு கோணுகிறது என்று மேஸ்திரி அவிழ்க்க வைத்தார். காதுக்கு மப்ளர் கட்டினால் தொப்பி உட்காராது. கட்டாவிட்டால் காது விறைத்துப்போகும். திரும்பினால் வயர் கழுத்தை இழுக்கும். நடந்தால் பெட்டி எலும்பில் இடிக்கும். இத்தனைக்கும் பிறகு விளக்கைப் போட்டால் மஞ்சு பளீரென்று வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும். விளக்கு இல்லாதபோது என் கால் விரலாவது எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

சாந்துச் சட்டி சுமக்கிற அக்கா ஒருத்தி முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். “ஊர்வலத்துல பெட்ரோமாக்ஸ் தூக்குறவனுக்காச்சும் பின்னால மாப்பிள்ள வருவான். ஒனக்குப் பின்னால யாருலே வாரா?”

“மேஸ்திரி வாராரு,” என்றார் மாமா.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் பதில் கிடைத்தது. என் வழக்கமே அதுதான்.

மாமாவுக்கு மூன்றாம் நாளே விளக்கு பிடித்துப்போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் கழற்ற மாட்டார், தூக்குச்சட்டிக்குள் வெளிச்சம் போட்டுப் பார்ப்பார். தார் டின்னை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். சாந்துக்கார அக்கா அதில் வெந்நீர் போட்டாள்.

முதல் எட்டு நாள் மஞ்சு லேசாகத்தான் இருந்தது. விளக்கும் தெரிந்தது, எங்கள் முகமும் கயிறும் தெரிந்தன. வண்டிகள் நின்று போயின. ஒன்பதாம் நாள், மத்தியான பஸ் போன பிறகு, கனத்த மஞ்சு. மேலேயிருந்து எஸ்டேட் ஜீப் ஒன்று இறங்கி வந்தது. கயிற்றை உயர்த்தினோம். ஜீப் வளைவைத் தாண்டியதும் எங்களைப் பார்த்து வராமல், பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நின்றது. நின்று ஹாரன் அடித்தது. நாங்கள் கயிற்றைத் தரையில் போட்டோம். வரவில்லை. மறுபடி ஹாரன்.

“வாங்க, வாங்க,” என்று மாமா கத்தினார்.

“நீங்க வாங்கப்பா. எம்புட்டு நேரம் ஒதுங்கி நிக்கிறது? லாரிய எடுக்கச் சொல்லுங்க,” என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

“எந்த லாரி?”

ஜீப் டிரைவர் இறங்கி நடந்தே வந்துவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி விளக்கைப் பார்த்தார். நடுவில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மலைரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இறங்குகிறவர் தன் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுகொள்வார். எல்லா டிரைவருக்கும் இது ரத்தத்தில் ஊறியது, யோசித்துச் செய்வதில்லை. சரிவில் கீழே, ஏழெட்டு அடி இடைவெளியில், இம்மி பிசகாத ஒரே உயரத்தில் இரண்டு விளக்கு நின்றால் மேலேயிருந்து வருகிறவருக்கு அது ஏறி வருகிற லாரி. எங்கள் வளைவில் இறங்குகிறவருக்கு இடப்பக்கம் எது? அடியில் மண் இல்லாத அந்தப் பாதி. ஜீப் சின்ன வண்டி, சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு முழம் இப்பாலேயே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு அந்த இடம் போதாது. மேலேயிருந்து ஒரு நாளைக்கு இரண்டு நடை பஸ் வருகிறது. மத்தியான நடை மூன்று மணிக்கு.

மாமா இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மாமா, பஸ்ஸு ஒதுங்குனா என்னாகும்?”

“அதான் கல்லு கெடக்குல்ல.”

“கல்லு தெரியலையே. ஒரு லைட்ட அமத்திருவோம்.”

“அப்ப ஒன்னோடத அமத்து. நான் எதுக்கு அமத்தணும்?”

மேஸ்திரியிடம் போனேன். பாதி சொல்வதற்குள் அவர் கையை ஆட்டினார். “வெளக்கு அவரு சோலி. அவருகிட்டயே சொல்லு. நான் டின்னுக்கு வாங்குனது போதும்.”

பத்தாம் நாள் மத்தியானம் என் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு நின்றேன். மாமாவின் விளக்கு ஒற்றையாக எரிந்தது. பஸ் வந்து, எங்களைப் பார்த்து நின்று, ஒழுங்காகப் போனது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து மோட்டார் சைக்கிள் வந்தது.

“ஏன்யா ஒன்னோடது எரியல?” என்றார் காண்ட்ராக்டர்.

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. முந்தின ராத்திரி பூராவும் சொல்லிப் பார்த்தது. ‘ரெண்டு வெளக்கு எரிஞ்சா லாரி மாதிரி தெரியுதுங்க.’ அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்தது, “ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லாம எதுக்கு அமத்துற? கட்டைய மிச்சம் புடிச்சு வீட்டு ரேடியோவுக்குப் போடப் பாக்குறியா?”

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. அதையாவது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பெட்டியைத் திறந்து கட்டைகளை எண்ணிப் பார்த்தார். “இனி அமத்துனதப் பாத்தேன், அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சுரும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் எனக்குக் கோபம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மறுநாள் நான் விளக்கை அணைக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

பதினோராம் நாள் முந்தின இரண்டு நாளையும் சேர்த்துவைத்த மாதிரி மஞ்சு. மூன்று மணிக்கு மேலே பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. மாமா வெளிமுனையில், நான் மலையை ஒட்டிய முனையில். கயிற்றை உயர்த்தினோம். வளைவில் மஞ்சு மஞ்சளாகி, பஸ்ஸின் இரண்டு விளக்குகள் வந்தன. நேராக எங்களைப் பார்த்து வந்தவை மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தன. பாய் எங்களுக்கு வழிவிடுகிறார். பஸ் டிரைவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வத்தலக்குண்டுக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதைதான் இப்போது அவரைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகிறது.

கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். தொண்டை கட்டினவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பஸ் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. மாமாவுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை, கயிற்றை மட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கயிற்றைப் போட்டேன். தொப்பியைத் தலையிலிருந்து பிடுங்கினேன். வயர் காதை இழுத்தது. குனிந்து கைக்குக் கிடைத்த ஜல்லிக் கல்லை எடுத்து, அந்த அலுமினியத் தொப்பியை அடித்தேன். தார் டின்னை அடிக்கிற அதே மாதிரி, நிறுத்தாமல், பலம் கொண்ட மட்டும் அடித்தேன். இரண்டாவது அடியில் விளக்குக் கண்ணாடி நொறுங்கி, வெளிச்சம் போனது.

கிளைகள் முறிகிற சத்தம். பிறகு பிரேக்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். முன்னால் இடதுபக்கச் சக்கரம் சுண்ணாம்புக் கல்லைத் தள்ளிக்கொண்டு போய், பாதிக்கு மேல் மண்ணில் இறங்கி நின்றது. சக்கரத்துக்கு அப்பால் மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அது போய் விழுகிற சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது.

பாய் ஜன்னலில் தலையை நீட்டி, “லாரிக்காரர ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கப்பா, நான் நேராக்கிக்கிறேன்,” என்றார்.

நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். “லாரி இல்ல பாய். வண்டிய அசைக்காதீங்க. அந்தப் பக்கம் அடியில மண்ணு இல்ல. ஆளுகள ஒங்க கதவு வழியா எறக்குங்க.”

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. எப்போதும் போலச் சின்னக் குரலில்தான் சொன்னேன். அதனாலோ என்னவோ, அவர் கேள்வி கேட்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார். மாமாவும் மற்றவர்களும் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸின் படிக்கட்டு இடப்பக்கம், பள்ளத்தின் மேல் இருந்தது. கண்டக்டர் அதில் குறுக்கே கையை நீட்டி மறித்துக்கொண்டார். பாய் இறங்கி நிற்க, இருபது பேர் போல இருந்த ஜனம் இன்ஜின் மூடி மேல் ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, டிரைவர் கதவு வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். கை கொடுத்து இறக்கியது நான்.

அதிலும் எரிச்சல்தான். ஒருவர் மலைவாழைக் கூடையை முதலில் இறக்கினால்தான் தான் இறங்குவேன் என்றார். “பழம் நசுங்கிரும்பா.”

“நீங்க நசுங்குனா பரவாயில்லையா?” என்றார் மாமா பின்னாலிருந்து.

எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஒருவர் இறங்கியதும் குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் நின்று, “லாரி எங்கப்பா? எங்க அந்த லாரி? நம்பர எடுத்துக் குடுங்க, எழுதிப் போடுறேன்,” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாந்துக்கார அக்காதான் கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் கை காட்டினாள். “அந்தா நிக்குதுல்ல லாரி. ஒரு லைட்டு ஒடஞ்சு போச்சு.”

நாங்கள் பிடித்துக்கொண்டு நின்ற கயிற்றையே பஸ்ஸின் பின்னால் கட்டினோம். வேலையாட்களும் பிரயாணிகளும் சேர்ந்து இழுக்க, பாய் ரிவர்ஸ் எடுக்க, நாலாவது இழுப்பில் சக்கரம் மேலே வந்தது. சக்கரம் நின்ற இடம் அது போனதும் தானாகச் சரிந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகு கணக்குப்பிள்ளை லாரியைப் பற்றிக் கேட்கவில்லை.

காண்ட்ராக்டர் சாயங்காலம் வந்தார். பஸ் போய்விட்டிருந்தது. மேஸ்திரி நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள், கல்மேல் வைத்திருந்த தொப்பி அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு பக்கம் பூராவும் சொட்டை விழுந்து, கண்ணாடி இல்லாமல் கிடந்தது.

“லைட்ட ஒடச்சது யாரு?”

“நான்தாங்க,” என்றேன். “ரெண்டு வெளக்கு ஒசரம் ஒண்ணாப் பக்கத்துல பக்கத்துல எரிஞ்சா, மேல இருந்து வாரவங்களுக்கு லாரி மாதிரி தெரியுதுங்க. ஒதுங்குறாங்க. அங்கிட்டு ஒதுங்குனா பள்ளங்க. நேத்து நான் அமத்துனது அதுக்குத்தாங்க. எங்க வீட்ல ரேடியோ இல்லீங்க.”

அவர் சரிவின் விளிம்பு வரைக்கும் போய், சக்கரத் தடம் அறுந்து நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இத நேத்தே சொல்றதுக்கு என்னய்யா?”

ரேடியோ பேச்சு பேசிய அதே வாய் இதையும் கேட்டது. கேட்டது நியாயமும்கூட. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்றே சொல்லியிருந்தால் இருபது பேர் கியர் கம்பியைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை. இதற்கு நான் எத்தனையோ பதில் யோசித்துவிட்டேன், வீட்டுக்கு நடக்கும்போதும், அதற்குப் பிறகு இத்தனை வருஷமும். ஒன்றும் தேறவில்லை.

போகும்போது அவர் இன்னொரு யோசனையும் சொன்னார். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் விளக்குப் போட்டு நிற்கட்டுமாம், மூன்று விளக்கு உள்ள லாரி கிடையாதாம். மேஸ்திரி மகா வினயமாக, “அந்த ஒசரத்துல மூணாவது ஆளு கெடைக்கமாட்டாங்க,” என்றார். அதோடு அது நின்றது.

மாமா தன் தொப்பியைக் கொடுத்துவிட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் சாப்பிடும்போதெல்லாம் வெளிச்சம் இல்லை என்று குறைப்பட்டார். தார் டின்னைத் திரும்பக் கேட்டால் அக்கா தர மாட்டேன் என்றாள். வெந்நீருக்கு வேறு ஏனம் இல்லையாம். அதனால் சொட்டை விழுந்த என் தொப்பியையே வயரை அறுத்துவிட்டு, வளைவில் ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டோம். அதை அடிக்கிற வேலை எனக்கு. வேலை போகவில்லை, அந்த மட்டில் சரி.

தை பிறந்து சுவர் ரோட்டு மட்டத்துக்கு எழும்புகிற வரைக்கும் பாய் தினமும் வளைவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்பார். “என்ன மாப்ளே, லாரி ஏதும் ஏறுதா?” உள்ளே பஸ் பூராவும் சிரிக்கும்.

தினமும் ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொண்டுதான் நிற்பேன். அவர் கேட்டதும் அது மறந்துபோகும். தொப்பியை இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் உள்பக்கம் ஒட்டி, மெதுவாக இறங்கிப் போவார்.